சூடானால் நிற்கும் வண்டி

"கார்ல ஒண்ணும் இல்லைங்க." இந்த வார்த்தையைக் கரண்டு ஐந்து மாதத்தில் மூன்று முறை சொல்லியிருந்தார். மூன்று முறையும் தெரிந்து பொய் சொல்லவில்லை. தெரிந்து சொன்ன பொய்யாக இருந்திருந்தால், ஏன் சொன்னோம் என்பதற்காவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

கரண்டு என்பது பட்டப்பெயர். மனைவியின் அண்ணன் வைத்திருந்த பட்டறையில் கார் ஒயரிங் வேலை முழுக்க அவர் கையில். எஞ்சினைப் பிரிப்பது மச்சான், பொறி வர வைப்பது கரண்டு என்று வேலையைப் பிரித்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. சாதுவான மனுஷன். "இந்தக் கரண்டைத் தொட்டா ஷாக் அடிக்காது, தூக்கம்தான் வரும்" என்று மச்சான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கார் மருந்துக்கடை அம்மாவுடையது. எழுபத்தொரு வயது. நாற்பது வருடம் மருந்துக்கடை நடத்தி, ஒரு மாத்திரை மாற்றிக் கொடுக்காமல் கடையை மூடியவர். கார் பாலாடை நிறத்தில், பழைய மாடல், பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் அந்தக் காலத்திலேயே எலக்ட்ரானிக்காக வந்த வண்டி. பாயின்ட் தேய்வது, சுரண்டிவிடுவது என்ற தொல்லையெல்லாம் கிடையாது. மின்சாரத்தை வெட்டி வெட்டி விட்டுப் பொறி வர வைக்கும் பாயின்டின் வேலையை டிஸ்ட்ரிபியூட்டரின் இடுப்பில் திருகியிருக்கும் தீப்பெட்டி அளவு மாட்யூல் ஒன்று செய்யும்.

செவ்வாயும் வெள்ளியும் அந்தம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போவார். அவருடைய அக்கா அங்கே படுக்கையில் இருந்தார். நினைவு கலங்கிப்போனவர். எந்த ஊர், என்ன வருடம் எதுவும் தெரியாது. தங்கையின் குரல் கேட்டால் மட்டும் முகம் திரும்பும். மதியச் சாப்பாட்டைத் தங்கை ஊட்டினால்தான் இறங்கும். இருபது கிலோமீட்டர் போய், ஊட்டிவிட்டு, இருபது கிலோமீட்டர் திரும்பி வருவார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் வண்டி தட்டித் தட்டி ஓடுகிறது என்று கொண்டுவந்து விட்டார். மாட்யூல் போயிருந்தது. கரண்டு புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுக் கொடுத்தார். வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டு போயிற்று.

அடுத்த மாதம் பாலத்தின் நடுவில் நின்றது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை, எஞ்சின் அப்படியே அடங்கிப்போனது. பின்னால் வந்தவர்கள் ஆரன் அடித்துத் திட்டினார்கள். மகனுக்குப் போன் போட்டார். அவன் அலுவலகத்திலிருந்து வந்து சேர அரைமணி ஆயிற்று. வந்து சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

"என்னம்மா, கியர்ல வச்சுக்கிட்டே திருப்பிட்டு இருந்தியா?"

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாதாடா?"

வண்டி பட்டறைக்கு வந்தது. கரண்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தார், தெருவை ஒரு சுற்று சுற்றினார். எல்லாம் சரி. கார்ல ஒண்ணும் இல்லைங்க.

இரண்டாவது முறை ஒரு ரவுண்டானாவில் நின்றது. இருபது நிமிடம் கழித்து, வழியில் போன யாரோ ஒருவர் திருப்பினார், ஓடியது. பட்டறைக்கு வந்தது. இந்த முறை கரண்டு பிளக்கைக் கழற்றவில்லை. பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒண்ணும் இல்லைங்க.

மூன்றாவது முறை நான்கு ரோடு சந்திப்பில், சரியாக நடுவில். குறுக்கே வந்த பஸ் கிரீச்சென்று பிரேக் போட்டு, ஒரு சாண் இடைவெளியில் நின்றது. பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேருக்கு அடி. மகன் அன்று அம்மாவைக் கையைப் பிடித்துப் பட்டறைக்குள் கூட்டிக்கொண்டு வந்தான், குழந்தையைக் கூட்டி வருவது போல.

"நேராவே கேக்குறேன். வண்டியில ஏதாவது கோளாறு இருக்கா, இல்லையா?"

அன்று கரண்டு பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. கைவேலை ஒன்று பாதியில் இருந்தது. போன தடவை பார்த்த அதே வண்டிதானே என்ற நினைப்பு. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி கல்லு மாதிரி இருக்கு சார். வண்டிக்கு வயசானது தெரியவே இல்ல. ஓட்டுறவங்களுக்குத்தான்..." என்று இழுத்துச் சிரித்தார். மச்சானும் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. அந்தம்மா கரண்டின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் நின்றார்.

அன்றைக்கே மகன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான்.

ஒன்பது வாரம் கழித்து மகனிடமிருந்து போன் வந்தது. வண்டியை விற்கப்போகிறார்களாம். பழைய வண்டிப் பிரியர் ஒருத்தர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சனிக்கிழமை பார்க்க வருகிறாராம். வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒருமுறை சரிபார்த்து வைக்க வேண்டும்.

கரண்டு மதியம் ஒரு மணிக்கு அந்தம்மா வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சமையலறைச் சுவரில் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. அடுப்பை அணைத்தாயா. பின்கதவு. குழாய். எல்லாம் மருந்துச் சீட்டில் எழுதுகிற மாதிரித் தெளிவான, குட்டி எழுத்து.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான் தம்பி. கார் ஓட்டுறப்ப நான் என்ன பண்ணினேன்னு எனக்கே தெரியல. அப்ப வீட்டுல என்ன பண்றேன்னு மட்டும் எப்படித் தெரியும்? திங்கக்கிழமை ஞாபகமறதி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறான்."

மகன் விட்டுப்போயிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தவர், வாசல் வரை கூடவே வந்தார். கொஞ்சம் தயங்கி, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே. சாவியை வலது பக்கம் திருப்பினாத்தானே ஸ்டார்ட் ஆகும்? நான் அப்படித்தானே பண்ணியிருப்பேன்?"

கரண்டு ஆமாம் என்று தலையாட்டினார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஏன் என்று அப்போது அவருக்கே புரியவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. ரோட்டில் எங்கேயோ பள்ளம் தோண்டியிருந்ததால் வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. நாற்பது நிமிடம் முதல் கியரும் நியூட்ரலுமாக நகர்ந்து, பெரிய சிக்னலுக்கு வந்தபோது, எஞ்சின் அடங்கிப்போனது.

சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். பின்னாலிருந்து ஆரன். எவனோ தலையை வெளியே நீட்டி, "யோவ், ஓட்டத் தெரியாதா?" என்று கத்தினான்.

கரண்டு இறங்கினார். இரண்டு பேர் கைகொடுக்க, வண்டியை ஓரமாகத் தள்ளினார். வேலைப் பை கூடவே இருந்தது. ஒரு பிளக் ஒயரை உருவி, கையிலிருந்த உபரி பிளக்கில் மாட்டி, அதை எஞ்சின் உடம்பில் படும்படி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொன்னார். பொறி இல்லை. ஒரு துளிகூட இல்லை. பிளக்குக்கு மின்சாரத்தை ஏற்றி அனுப்பும் காயிலில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட் வந்துகொண்டிருந்தது. மின்சாரம் வருகிறது, ஆனால் அதை வெட்டி வெட்டி விடவேண்டியது வெட்டவில்லை. அப்படியென்றால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டரில்.

இருபத்தைந்து நிமிடம் ஒரு கடை நிழலில் உட்கார்ந்திருந்தார். பிறகு சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

பட்டறைக்கு வந்ததும் வண்டியை நிழலில் நிறுத்தினார். வீட்டுக்கு ஆளனுப்பி, மனைவி முடி காயவைக்கும் ஹேர் டிரையரை எடுத்துவரச் சொன்னார். எதையும் ஊகிக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து மாட்யூலுக்கு எப்போது வெட்ட வேண்டும் என்று சைகை காட்டும் பிக்கப் காயில். குளிர்ந்திருக்கும்போது மீட்டர் என்ன காட்டியதோ, டிரையரால் சூடேற்றிய பிறகும் அதையே காட்டியது. ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்தார், இழுத்தார். எதுவும் விடவில்லை. கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, சூட்டை மாட்யூலின் மேல் பிடித்தார். ஒரு நிமிடம். இரண்டு. நாலாவது நிமிடம் எஞ்சின் நின்றது. ஈரத்துணியைச் சுற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஓடியது. மறுபடி சூடு காட்டினார். மறுபடி நின்றது.

இரண்டு திருகுகளையும் கழற்றி மாட்யூலைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது, துடைத்து வைத்த கரண்டி மாதிரி. அங்கே வெள்ளைப் பசை தடவியிருக்க வேண்டும். மாட்யூலுக்குள் உண்டாகும் சூட்டை டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்புக்குக் கடத்திவிடுவது அந்தப் பசைதான். அது இல்லையென்றால் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வெந்து, மாட்யூல் வேலையை நிறுத்திவிடும். ஆறினால் எழுந்துகொள்ளும். தடவ ஆகும் நேரம் அரை நிமிடம்கூட இல்லை.

வேறு யாரும் இடையில் கைவைத்திருப்பார்களோ என்ற சின்ன ஆசை ஒன்று எழுந்தது. திருகுத் தலையில் மஞ்சள் பெயின்ட் பொட்டு இருந்தது. தான் முடுக்கிய திருகில் அடையாளத்துக்காக அவர் மட்டும் வைக்கிற பொட்டு. அது உடையாமல் அப்படியே இருந்தது.

அன்று என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தார். போன் வந்ததா? யாராவது கூப்பிட்டார்களா? சாப்பாட்டு நேரமா? எதுவுமே நினைவுக்கு வரவில்லை. மறந்தது மட்டுமல்ல, மறந்த சங்கதியே மறந்துபோயிருந்தது. இந்த லட்சணத்தில்தான் அடுத்தவரின் வயசைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

மச்சான் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கும் விளங்கிவிட்டது.

"சரி, விடு மாப்ள. புதுசு ஒண்ணு போடு, பசையைத் தடவு, கதையை முடி. எப்படியும் விக்கப்போற வண்டி."

"அந்தம்மாவைப் பைத்தியம்னு நினைக்கிறாங்க மச்சான்."

"நீயா நினைச்ச? அவங்க மகன் நினைக்கிறான். நீ போய் 'என் தப்பு'ன்னு நின்னா, பஸ்ஸுல அடிபட்டவன்கூட நாளைக்கு இங்க வந்து நிப்பான். ஊர்ல இருக்கிற பழைய வண்டிக்காரன் அத்தனை பேருக்கும் தெரிஞ்சு போயிரும். வாயைத் திறக்காத."

கரண்டு வாயைத் திறக்கவில்லை. புது மாட்யூலைப் பசை தடவிப் போட்டார். மறுநாள் உச்சி வெயிலில், நெரிசல் இருக்கும் ரோடாகப் பார்த்து, ஒன்றரை மணி நேரம் ஓட்டினார். வண்டி நிற்கவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் நின்றுவிடாதா என்று மனதின் ஒரு மூலை ஏங்கியது. நின்றால் பசை மட்டுமே காரணமில்லை என்று ஆகிவிடுமே. நிற்கவே இல்லை.

அன்று மனைவி இரண்டு தடவை கூப்பிட்டும் அவருக்குக் கேட்கவில்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு? நேத்துலேருந்து பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க. என் டிரையரை வேற கருக்கி அனுப்பியிருக்கீங்க."

சொன்னார். பசை, பாலம், பஸ், துண்டுச் சீட்டு, எல்லாம் சொன்னார். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அந்தம்மா முன்னாடியே சிரிச்சீங்களா?"

"ஆமா."

மனைவி எழுந்து போய் மறுபடி மிஷினில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மிஷின் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கரண்டு அந்தம்மா வீட்டுக்குப் போனார். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனார். கதவைத் திறந்தது மகன். டாக்டரிடம் இடையில் ஒரு நேரம் காலியாகக் கிடைத்ததால், திங்கட்கிழமைக்குப் பதில் அன்று காலையிலேயே போய்க் காட்டிவிட்டு வந்தார்களாம். அந்தம்மா வெளியே போய் வந்த புடவைகூட மாற்றாமல், கூடத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"கடிகாரம் வரையச் சொன்னாங்க தம்பி" என்றார் கரண்டைப் பார்த்ததும். "பதினொண்ணு பத்து காட்டுற மாதிரி. வரைஞ்சேன். சரியா வரைஞ்சேனான்னு கேட்டா, பாத்துட்டுச் சொல்றோம்னுட்டாங்க. நாற்பது வருஷம் டாக்டருங்க கிறுக்கினதை எல்லாம் நான்தான் படிச்சேன். இப்ப நான் கிறுக்கினதை அவங்க படிக்கிறாங்க."

மகன், "என்ன விஷயம்?" என்றான். வண்டி விஷயமா என்று கேட்டபடியே கைப்பேசியைப் பார்த்தான்.

ஆமாம் என்று தலையாட்டினார் கரண்டு. "வண்டியில ஒரு சின்ன கோளாறு இருந்துச்சு சார். ஒரு பார்ட்டு... வீக்கா இருந்துச்சு. மாத்திட்டேன்."

அந்தம்மா சட்டென்று நிமிர்ந்தார். "கோளாறா? அதனாலதான் நின்னுச்சா?"

இதுதான் சமயம். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. கரண்டு, "பழைய வண்டிம்மா. அப்பப்ப அப்படித்தான்... எதனாலன்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

"அவ்வளவுதாம்மா. எல்லாத்துக்கும் ஒரு காரணம் தேடாத" என்றான் மகன்.

நிமிர்ந்த தலை பழையபடி தாழ்ந்தது.

படியிறங்கித் தெருமுனை வரை வந்துவிட்டார் கரண்டு. அங்கே ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்தார். அறியாமல் செய்ததற்காவது மன்னிப்பு உண்டு. இப்போது செய்துவிட்டு வந்தது தெரிந்தே செய்தது. உறுதியாகச் சொல்ல முடியாதாம். டிரையரைப் பிடித்து இரண்டு முறை நிறுத்திப் பார்த்த ஆள்தான் இப்படிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

பைக்குள் கையை விட்டார். பழைய மாட்யூல் அங்கேதான் கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

இந்த முறை உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் நின்றபடியே அதை நீட்டினார்.

"இப்ப சொன்னது பொய்யிம்மா. வண்டி நின்னது உங்களால இல்ல. மூணு தடவையும் உங்களால இல்ல. என்னாலதான்."

மகன் கைப்பேசியைக் கீழே வைத்தான்.

கரண்டு சொன்னார். பசை எங்கே தடவ வேண்டும், எதற்காக, தடவாவிட்டால் என்ன ஆகும், ஏன் ஆறிய பிறகு ஓடியது, ஏன் பட்டறைக்கு வரும்போதெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்தது, எல்லாவற்றையும் சொன்னார். முதல் தடவை அரைகுறையாகப் பார்த்ததையும், மூன்றாவது தடவை பானெட்டையே திறக்காததையும் சொன்னார். சொல்லச் சொல்ல மகனின் முகம் சிவந்துகொண்டே வந்தது. அந்தம்மா எழுந்து, மேசையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மாட்யூலை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

"பெட்டியோட ஒரு தாள் வந்திருக்குமே? எப்படி மாட்டணும்னு?"

"வந்துச்சும்மா."

"படிச்சீங்களா?"

"இல்ல. இருபது வருஷமா படிக்கிறதில்ல. தெரிஞ்ச வேலைதானேன்னு."

"அறிவிருக்காய்யா உனக்கு?" மகன் எழுந்துவிட்டான். "பஸ் ஏறியிருந்தா? அன்னைக்கு நான் நேருக்கு நேர் கேட்டேன்ல? பல்லைக் காட்டிட்டு என்ன சொன்ன நீ?"

கரண்டு தலையைக் குனிந்துகொண்டார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

"நிறுத்துடா" என்றார் அந்தம்மா. குரல் உயரவில்லை. "அவர் பசையைத் தடவல. அது அவர் தப்பு. நான் மூணு தடவை சொன்னேன், தானா நிக்குதுன்னு. அதைக் கேக்காதது யாரு?"

மகன் உள்ளே போனான். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது.

அந்தம்மா ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "உக்காந்து எழுதுங்க. அவன் டாக்டர்கிட்ட கொடுத்த சீட்டுல முதல் வரியே கார்தான். 'நடுரோட்டில் மூன்று முறை காரை நிறுத்திவிட்டார்.' அதுக்குப் பதில் எழுதுங்க. தேதி நான் சொல்றேன்."

மூன்று தேதிகளையும் கிழமையோடு, நேரத்தோடு சொன்னார். எங்கேயும் பார்த்துச் சொல்லவில்லை. கரண்டு எழுதினார். பட்டறையின் பெயரைப் போட்டு, தன் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெயரை எழுதி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அந்தம்மா இரண்டு முறை படித்தார். "'கவனக்குறைவு'ன்னு எழுதியிருக்கீங்க. யாரோடதுன்னு எழுதல."

'என்னுடைய' என்று மேலே சேர்த்து எழுதினார்.

"நாளைக்கு வர்றவரை வரவேண்டாம்னு சொல்லிடு" என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னார் அந்தம்மா. பிறகு கரண்டிடம், "நீங்க நாளைக்குப் பத்து மணிக்கு வண்டியைக் கொண்டாங்க. நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காரணும்" என்றார்.

சனிக்கிழமை அந்தம்மா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பும் முன்னால் கியரை மூன்று முறை தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி கியரைப் பார்த்தார். கரண்டு வெளியே பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் இந்தம்மா பேசிக்கொண்டே ஒரு கையால் ரிவர்ஸ் எடுப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

பாலத்தில் நல்ல நெரிசல். அந்த இடம் வந்ததும் அந்தம்மாவின் மூச்சு மாறியது. கரண்டு தன்னையறியாமல் கால்களை அழுத்தி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பாலம் முடிந்தது.

முதியோர் இல்லத்தில் அக்காவின் அறை மாடியில், ஜன்னலோரம். கரண்டு வாசலிலேயே நின்றுகொண்டார். அந்தம்மா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, "அக்கா" என்றார்.

முகம் திரும்பவில்லை.

"அக்கா, நான்தான் வந்திருக்கேன்."

மெதுவாகத் திரும்பிப் பார்த்த கண்களில் எதுவும் இல்லை. "டாக்டரம்மாவா?" என்றார் அக்கா, மரியாதையாக. "எனக்கு ஊசி வேண்டாமே."

"ஊசி இல்ல. சாப்பாடுதான்."

இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, மூன்றாவதுக்கு வாயை இறுக்கிக்கொண்டார். அந்தம்மா கிண்ணத்தை மடியில் வைத்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் இருவரும் குடியிருந்த வீட்டைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி, எதையெதையோ சொல்லிப் பார்த்தார். அங்கிருந்த ஆயா வாசலில் நின்ற கரண்டிடம் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு மாசமா இவங்க முன்ன மாதிரி வரல. மகன் நாலஞ்சு தடவை கூட்டிட்டு வந்தாரு, அஞ்சு நிமிஷத்துல கிளம்பிருவாரு. முதல்ல செவ்வாக்கிழமை ஆனா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க பெரியம்மா. அப்புறம் பாக்குறதை விட்டுட்டாங்க."

தான் செய்த தப்பு எங்கே வரை போயிருக்கிறது என்று கரண்டுக்கு இப்போதுதான் விளங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மாட்யூலை மாற்றலாம், சீட்டில் ஒரு வரியைத் திருத்தலாம். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமைகளை எந்தக் கடையில் போய் வாங்குவது?

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்த பிறகுதான் அந்தம்மா பேசினார்.

"அக்காவுக்கு எப்படியும் இது வரத்தான் போகுதுன்னு டாக்டருங்க போன வருஷமே சொல்லிட்டாங்க. அதனால எல்லாத்தையும் உங்க தலையில போட முடியாது."

வளைவு வந்தது, அந்தம்மா கியரை மாற்றினார்.

"உங்க தலையில ஒண்ணுமே இல்லைன்னும் சொல்ல முடியாது. எவ்வளவுன்னு எனக்குத் தெரியல. கணக்குப் போட்டுப் பாத்தேன், வரல."

"நான் என்ன பண்ணட்டும்மா?"

"நீங்க பண்ண வேண்டியதைப் பண்ணிட்டீங்க. வந்து சொன்னீங்க. மூணு தடவை தப்பாச் சொல்லி, நாலாவதும் தப்பாச் சொல்லி, அஞ்சாவதுல சரியாச் சொன்னீங்க." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று. "ஆனா இனிமே வண்டியை வேற இடத்துல பாத்துக்கறேன் தம்பி. கோவத்துல சொல்லல. உங்களைப் பாத்தா அன்னைக்குச் சிரிச்சது ஞாபகம் வருது. அது போறதுக்கு நாளாகும்."

"சரிங்கம்மா" என்றார் கரண்டு.

பட்டறை வாசலில் அவரை இறக்கிவிட்டு, ரோட்டைப் பார்த்து, பின்னால் வந்த லாரிக்கு வழிவிட்டு, அந்தம்மா வண்டியை எடுத்தார். செவ்வாய்க்கிழமை மறுபடி போவேன் என்று இறங்கும்போது சொல்லியிருந்தார். அக்காவுக்கு அடையாளம் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, டாக்டரம்மாவாகவே போய் ஊட்டிவிட்டு வருவாராம்.

மச்சான் ஒரு எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். தலையை எடுக்காமலே கேட்டார்: "என்ன ஆச்சு மாப்ள?"

"வேற இடத்துல பாத்துக்கறாங்களாம்."

"நான்தான் சொன்னேன்ல. வாயைத் திறக்காதன்னு."

"சொன்னீங்க மச்சான்" என்றார் கரண்டு. கையைக் கழுவிக்கொண்டு தன் மேசைக்குப் போனார். யாரோ கொண்டுவந்து வைத்திருந்த டைனமோ ஒன்று பிரித்தபடியே காத்திருந்தது. அதற்குப் போட வாங்கி வைத்திருந்த புதுப் பாகத்தின் பெட்டியிலிருந்து தாளை எடுத்து விரித்தார். எழுத்து பொடியாக இருந்தது. அவருக்கும் கண்ணாடி போட வேண்டிய வயது வந்துவிட்டது போல. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். இரண்டு வரி தாண்டியதும் எழுத்து கலங்கியது. துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதல் வரிக்குப் போனார்.